தாமதமாக வந்தவர் போட்ட சத்தம்

போன வாரம் புதுக்கோட்டைச் சந்தையில் கோவைக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் காய்களோடு ஒரு இலையும் விழுந்தது. சும்மா இருக்காமல் அதைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். சமையலறையில் நின்றிருந்தவன் ஒரு நொடியில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன். படித்த ஒன்றாம் வகுப்புக்கு அல்ல, பாடம் எடுத்த ஒன்றாம் வகுப்புக்கு.

உங்களுக்கும் நினைவிருக்கும். கரித்துண்டையும் கோவை இலையையும் சேர்த்துத் தேய்த்தால் சிலேட்டு புதுசு போல் கறுத்துவிடும். எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுதான் வேலை. பிள்ளைகள் சிலேட்டைவிடத் தங்கள் முகத்தைத்தான் நன்றாகக் கறுப்பாக்குவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எந்தப் பிள்ளை யாருடையது என்று தாய்மாருக்கே சந்தேகம் வரும். என் வெள்ளை வேட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கீரமங்கலம் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதுதான் மீசை ஓரளவு நிலைகொண்டிருந்தது. அந்த மீசைக்கு ஐந்தாம் வகுப்பாவது கிடைக்கும், தேசப்படத்தைத் தொங்கவிட்டுக் கம்பீரமாகப் பாடம் நடத்தலாம் என்று கனவு கண்டிருந்தேன். தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார்.

முதல் நாள் ஒரு பிள்ளை அழுதது. பக்கத்துப் பிள்ளை அதைப் பார்த்து அழுதது. பிறகு வகுப்பே சுருதி சேர்ந்து அழுதது. அந்த அறைக்கு இரண்டு வாசல். ஒரு வாசலில் நின்று ஒருவனைச் சமாதானப்படுத்தும்போது மறு வாசல் வழியாக மூன்று பேர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பயிற்சிப் பள்ளியில் குழந்தை மனோதத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது, நான் நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருந்தேன். அந்தப் பாடத்தில் வந்த குழந்தைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்.

தோற்றுப்போனவன் என்ன வேண்டுமானாலும் செய்து பார்ப்பான் அல்லவா? ஒரு நாள் சத்தம் தாங்காமல் பேசாமல் உட்கார்ந்து, ஒற்றை விரலால் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த வள்ளிக்கண்ணு என்ற சிறுமியும் தட்டினாள். இரண்டு விரல் ஆக்கினேன். இன்னும் நாலு பேர் தட்டினார்கள். ஐந்து விரலுக்கு வந்தபோது அறை முழுக்க ஓட்டில் மழை கொட்டுவது போல இருந்தது. மறுபடி ஒவ்வொரு விரலாகக் குறைத்தேன். மழை தூறலாகி, நின்றே போனது. வந்த நாளிலிருந்து அந்த அறையில் நான் கேட்ட முதல் அமைதி அதுதான். அவசர அவசரமாக ‘அ’ நடத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. குளத்து மணலைக் கொண்டுவந்து கொட்டி விரலால் எழுத வைத்தேன். புளியங்கொட்டையால் கணக்குப் போட்டோம். தண்ணீர் குடிக்கப் பானைக்குப் போவதென்றால் ரயில் வண்டியாகத்தான். ‘த’ எழுத்துக்குத் தவளை வேண்டும் என்பதால் நானும் குதித்தேன். நான் குதித்துக் காட்டினால்தான் அவர்களும் குதிப்பார்கள், என்ன செய்வது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதை கருதி, பார்க்காதது போல் போய்விடுவார்.

தாமதமாக வருகிறவர்கள் விஷயம் மட்டும் தனி. தலைமையாசிரியரின் பிரம்புக்குப் பயந்து, நேரமாகிவிட்டால் பிள்ளைகள் வருவதே இல்லை, தோப்புக்குள் புகுந்துவிடுவார்கள். அடைக்கலம் என்று ஒரு பையன். ஆடுகளைப் பத்திவிட்டு வருவதால் தினமும் அவனுக்கு நேரமாகிவிடும். ஒரு நாள் கதவுக்குப் பின்னால் அவன் ஒளிந்து நிற்பது தெரிந்தது. கூப்பிட்டால் ஓடிவிடுவான். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டே, உள்ளே வர வேண்டுமானால் ஏதாவது ஒரு சத்தம் போட்டுவிட்டு வர வேண்டும், என்ன சத்தம் என்று வகுப்பு சொல்ல வேண்டும் என்றேன். பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு மயில் அகவியது. அப்படி ஒரு மயிலை நான் விராலிமலையில்கூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. விளைவு என்னவென்றால், நேரத்துக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வேண்டுமென்றே வெளியே நின்று தாமதமாக வர ஆரம்பித்தார்கள். காலையில் எங்கள் வாசலைக் கேட்டால் யாரும் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டார்கள். முதலில் வந்தவருக்கே மணியடிக்கும் உரிமை என்று இன்னொரு சட்டம் போட்டுத்தான் அதைச் சரிக்கட்டினேன்.

இப்படி இருக்கும்போது இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, குதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தேன். மீசையையும் சீவிக்கொண்டேன்.

வெயில் ஏறிய நேரம். வாசலில் ஒருவர் வந்து நின்றார். தும்பைப்பூ போல வேட்டி, அங்கவஸ்திரம், கையில் குடை. கனமான முகம். சந்தேகமே இல்லை, இன்ஸ்பெக்டர்தான். நான் எழுந்து கும்பிடுவதற்குள் வள்ளிக்கண்ணு முந்திக்கொண்டாள்.

“நேரங்கழிச்சு வந்தா சத்தம் போட்டுட்டுத்தான் உள்ள வரணுங்க.”

என் உயிர் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மனிதர் குடையைச் சுவரில் சாய்த்தார், துண்டால் வாயைத் துடைத்தார், கழுத்தை நீட்டிக் கத்தினார், “ம்மே...ஏ...ஏ.”

ஆடு ஆடு என்று வகுப்பு கூவியது. அடைக்கலம் மட்டும் எழுந்து நின்றான். அவன் ஆடுகளோடு வளர்ந்தவன்.

“வெறும் ஆடு இல்லிங்க சார். தாயாடு. குட்டியக் காணாம தேடுது.”

அந்தப் பெரிய மனிதர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் தலையைத் தடவிவிட்டு, நாற்காலி இருக்க, தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

நான் வெறி வந்தவன் போல எல்லாவற்றையும் காட்டினேன். மழை பெய்வித்தேன். ரயில் விட்டேன். குறைத்துக்கொள்ளச் சொன்ன தவளையையும் குதித்தேன். அவர் இடையிடையே கேள்வி கேட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார். அடடா, கணக்குப் பாடத்தை வாழ்க்கையோடு சேர்த்து நடத்தச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஓர் அண்ணன், இரண்டு அக்கா, அப்புறம் நான் என்று புளியங்கொட்டைகளை வைத்தோம். நாலு என்று பிள்ளைகள் எண்ணினார்கள். அக்காமாரைக் கட்டிக் கொடுத்தாயிற்றா என்று அடுத்த கேள்வி. ஆயிற்று என்று இரண்டு கொட்டைகளை எடுத்துவிட்டேன். கழித்தல் கணக்கை இவ்வளவு அழகாகக் கொண்டுவருகிற இன்ஸ்பெக்டரும் உண்டா என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

“தம்பிக்குக் கோவம் வருமா?”

ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணி, பிரம்பு இருக்கிறது, எழுத்துகளைச் சுட்டிக் காட்ட மட்டும் வைத்திருக்கிறேன் என்று விறைப்பாகப் பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். எதுவும் எழுதவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, “வாரேன் தம்பி” என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேசையில் கவிழ்ந்துகொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். “அவரு இன்ஸ்பெக்டர் இல்லைய்யா. இலுப்பூர்ப் பக்கத்து ஆளு. எங்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தாரு. ஒங்களத்தான் மாப்பிள்ளை பாக்க வந்திருக்காரு” என்றார். எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லாமலே பேச்சைத் தொடங்கியிருந்தார்கள். பையனுக்குத் தெரியாமல் வந்து, ஆள் எப்படி என்று பார்த்துப் போவதாக ஏற்பாடாம்.

அந்த வாரம் முழுக்க நான் தரையைப் பார்த்தே நடந்தேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தவளை குதித்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

பிறகு நடந்ததை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆமாம், அந்த வீட்டுப் பெண்தான். சின்ன வயதில் பிரம்படிக்குப் பயந்து இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். யாருக்கு வேண்டுமானாலும் கட்டிக் கொடுங்கள், வாத்தியாருக்கு மட்டும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறாள். என் மாமனார் திரும்பிப் போய்க் கால் கழுவியதும் பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். “என்னைய ஆடு மாதிரி கத்த வச்சுட்டான்” என்றாராம். வீடு திகைத்துப்போக, கதவோரம் நின்றவள் சிரித்துவிட்டாள். அங்கே பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று மட்டும் கேட்டாளாம். ஒன்றுகூட அழவில்லை என்று அவர் சொன்னதும், சரி என்றாளாம். நான் என் மீசையைப் பார்த்துத்தான் சம்மதித்தாள் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையான இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வந்தார். நல்லவேளை, மணியடிக்கும் முன்பே வந்துவிட்டதால் அவர் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. வள்ளிக்கண்ணுவை ‘அம்மா’ எழுதச் சொன்னார். எழுதினாள். என் வேலையும் நிரந்தரமானது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். எங்கள் பழைய ஓட்டுக் கட்டடம் இல்லை, நல்ல கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. ஒன்றாம் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள்தான் என்று அங்கிருந்த டீச்சர் சொன்னார். அவர்களும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்களாம், அம்மாவோ அப்பாவோ பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகளை விடிந்ததும் மஞ்சள் வேன் வந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போகிறது. தோப்பு வழிப் பாதையில் நாங்கள் நடந்தபோது எதிரே ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஓணானைப் பார்த்து நின்றுவிடுகிற பிள்ளை இல்லை, வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தை மறந்துபோகிற பிள்ளை இல்லை. வேன் பழுதானால் எல்லோருக்கும் ஒன்றாக நேரமாகிறது. அதற்குப் பெயர் தாமதம் அல்ல. தன் காலால் நடந்து, தன் இஷ்டத்துக்கு வழியில் நின்று, தனக்கென்று ஒரு காரணத்தோடு தாமதமாக வருகிற பிள்ளை அந்த ஊரில் இப்போது இல்லை.