ஹைருன்னிஸா தராசில் ஏறிய காலைகள்

மற்றத் தொழில்களில் வாடிக்கையாளர் எதையாவது வாங்கிக்கொண்டு போவார். என் தொழிலில் எதையாவது விட்டுவிட்டுப் போகவேண்டும், அதற்குத்தான் ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

சாய்ந்தமருதில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் பெண்களுக்கான உடற்பயிற்சி அறை நடத்துகிறேன். சில பாய்கள், பாதி நாள் பழுதாகிக் கிடக்கும் ஒரு ஓட்ட இயந்திரம், மூலையில் ஒரு முள்ளுத் தராசு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்கள் முதலில் தராசில் ஏறவேண்டும், பிறகுதான் பாய். தினமும் ஏறவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்று விட்டால் முழு வாரமும் தின்றுவிட்டுக் கடைசி நாளில் பட்டினி கிடப்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அந்தச் சாதிதான். ஏறி இறங்கியதும் தன் நிறையைத் தன் கூட்டாளிக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி உண்டு. தராசைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும் என் சகோதரிகளே, நாம் படும் பாடு நமக்குத்தானே தெரியும்!

கழிவு

தராசில் ஏறுமுன் எங்கள் பெண்கள் செய்கிற ஆயத்தத்தைப் பார்த்தால் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள் என்று தோன்றும். மேலே போட்ட அபாயா கழற்றப்படும். காப்புகள் கழற்றப்படும். தலையில் குத்திய ஊசிகள் ஒவ்வொன்றாகக் கதிரையில் வைக்கப்படும். ஒருத்தி மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, முள்ளு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் என்னையே வாசிக்கச் சொன்னாள்.

அதற்கும் மேலே போனவள் ஒரு புது மணப்பெண். முள்ளு முதல்நாள் நின்ற இடத்திலேயே நின்றது. குனிந்து பார்த்தாள், தராசைக் காலால் தட்டினாள், மறுபடி ஏறினாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மிஸ், நேத்து மாமியோட கோவத்துல நல்லா அழுதன். அந்தக் கண்ணீரையும் கழிச்சுச் செல்லுங்களன்."

எனக்கு அழகு வேண்டாம்

ஹைருன்னிஸா நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், வீட்டில் தையல் வேலை. படியேறி வந்தவளுக்குப் பேச்சு வர நேரம் எடுத்தது. வழக்கமாக நான் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்: ஏன் மெலிய விரும்புகிறீர்கள்? இதற்கு எனக்குப் பல பதில்கள் பழக்கம். மகளின் கலியாணம், முழங்கால் வலி, பழைய உடுப்பு, புருஷனின் வாய்.

அவளுடைய தம்பி ரிஸ்வானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஹைருன்னிஸாவுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது. ஆனால் இவ்வளவு நிறையோடு உங்களை வெட்டுவது உங்கள் உயிருக்கு ஆபத்து, எழுபது கிலோவுக்குக் கீழே வாருங்கள், வந்து அங்கேயே நில்லுங்கள், பிறகு பார்ப்போம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். தராசில் ஏறினாள். முள்ளு எண்பத்தாறில் நின்றது. அவள் ஆயத்தம் எதுவும் செய்யவில்லை, அபாயாகூடக் கழற்றவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், எனக்கு அழகு வாணாம். என்ட தம்பிக்கு ஒரு கிட்னி குடுக்கணும். அதுக்கு அளவா என்னை ஒள்ளுப்பம் சின்னதாக்கித் தாங்க."

கட்டாரிலிருந்து ஒரு அழைப்பு

ஒருநாள் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. கட்டாரில் வேலை செய்யும் ஒருவர். தன் மனைவி என்னிடம் வருவதாகவும், அவளுடைய இன்றைய நிறையைச் சொல்லவேண்டும் என்றும் அதிகாரத்தோடு கேட்டார். நிறை என்பது என்னை நம்பித் தந்த அமானிதம், உரியவர் சொன்னால்தான் உண்டு என்றேன். நான் அவளுடைய புருஷன் என்றார். நான் அவளுடைய தராசு என்றேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அந்தப் பெண் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "அவரு வீடியோவுல கதைக்கக்குள்ள கழுத்துக்குக் கீழ காட்டவே மாட்டாரு மிஸ், அவர்ர நிறையையும் ஒருக்காக் கேட்டிரிக்கலாமே."

வராத குரல்

ஹைருன்னிஸாவுக்கு நான் கூட்டாளியாகக் கொடுத்தது காரைதீவுப் புவனேசை. வயல்காரக் குடும்பம், கறாரான வாய், அரிசி மூட்டையும் தன் உடம்பும் ஒன்றாகிவிட்டதென்று தானே சொல்லிக்கொள்வாள். ஹைருன்னிஸாவை எங்கள் வழக்கப்படி ராத்தா, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவாள். பஸ் கிடைக்காத நாட்களில் இரண்டு பேரும் வீட்டிலேயே நிறை பார்த்து, போனில் குரல் பதிந்து அனுப்பிக்கொள்வார்கள். ஹைருன்னிஸாவின் குரலுக்குப் பின்னால் தையல் மெசின் ஓடும். புவனேசின் குரலுக்குப் பின்னால் மாடு கத்தும்.

ஒரு காலை ஹைருன்னிஸாவும் வரவில்லை, குரலும் வரவில்லை. மறுநாளும் இல்லை. புவனேஸ் என்னிடம்கூடச் சொல்லாமல் நிந்தவூருக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஹைருன்னிஸா சமையலறையில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாளாம். தம்பிக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி வார்ட்டில் மறித்துவைத்திருந்தார்கள். அந்தக் கவலையில் யாரோ அனுப்பிய, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பம் முழுவதையும் தனியாகத் தின்றிருக்கிறாள். தம்பியின் உயிரைத் தின்றுவிட்டேன் என்று ஒரே புலம்பல். புவனேஸ் அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தராசை இழுத்துப் போட்டு ஏறச் சொன்னாள். முள்ளைப் பார்த்தாள். கொஞ்சம்தான் கூடியிருந்தது. அப்போது அவள் சொன்னதை அறையின் சுவரில் எழுதிவைக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்: "கூடினா நான் ஏசமாட்டன் ராத்தா. ஒளிச்சாத்தான் ஏசுவன்."

சஹன்

எங்கள் கலியாண வீடுகளில் ஐந்தாறு பேர் ஒரே சஹனைச் சுற்றியிருந்து கையால் சாப்பிடுவோம். அந்தப் பெரிய தட்டில் எது உன் சோறு, எது என் சோறு என்று கோடு கிடையாது. நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவள் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. அவள் அதை அடுத்தவளிடம் தள்ளுவாள். யாரிடம் வந்து நிற்கிறதோ அவள் தின்னவேண்டும். எந்த உணவு அட்டவணையும் இந்த இடத்தில் செல்லுபடியாகாது.

ஹைருன்னிஸாவின் மச்சாள் மகளின் கலியாணத்துக்கு எங்கள் கூட்டமே போயிருந்தது. நான் மிகுந்த கெட்டிக்காரத்தனமாக ஒரு திட்டம் போட்டேன்: நாங்களே ஒரு சஹனில் இருப்போம், ஒருவரை ஒருவர் கண்காணிப்போம். ஆனால் விஷயம் ஊருக்குத் தெரிந்திருந்தது. ஹைருன்னிஸா தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் எங்கள் சஹனுக்கு வந்து, அவளுடைய தலையைத் தடவி, தன் சஹனிலிருந்து கொண்டுவந்த ஒரு துண்டை அவள் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். ஒருத்தி கண்கலங்கியபடி கோழிக்கால் வைத்தாள். கண்ணீரோடு வருகிற கோழிக்காலை எப்படித் திருப்பி அனுப்புவது? நான் ஒரு மூதாட்டியிடம் மெல்ல விளக்கிச் சொன்னேன், அவள் மெலிந்தால்தான் கொடுக்கமுடியும் என்று. அவர் என்னைப் புத்தி சுவாதீனமில்லாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "என்னகா கதைக்காய்? கிட்னி குடுக்கிற புள்ள வெறும் வயித்தோடயா குடுக்கிற?"

உம்மாவின் அடுப்பு

அன்பைக் குறைக்கச் சொல்ல எந்தத் தராசாலும் முடியாது. ஹைருன்னிஸாவின் உம்மா பக்கத்து வளவில் இருந்து தினமும் மாட்டெலும்பு சூப் அனுப்பினார். மகள் மெலிய மெலிய சூப் தடித்தது. ஊராரும் விடவில்லை, இரத்தத்தில் சீனி வருத்தமா, வீட்டில் சண்டையா என்று விசாரித்தார்கள்.

வழி கண்டுபிடித்தவன் ரிஸ்வான். இயந்திரத்தில் ஏறுமுன்பும் இறங்கியபின்பும் அவனையும் ஆஸ்பத்திரியில் நிறுப்பார்கள். அவனுக்குக் கூடுவது சதை இல்லை, தண்ணீர். குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, நெஞ்சில் ஏறும். அன்று மூச்சுத் திணறியதும் அதனால்தான். அவன் ராத்தாவோடு ஒரு ஒப்பந்தம் போட்டான்: நான் இரண்டாவது கப் தண்ணீர் குடிக்க மாட்டேன், நீ இரண்டாவது முறை சோறு எடுக்காதே. பகல் சாப்பாட்டுக்கு ஒரே பாயில் எதிரும் புதிருமாக இருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். நாக்கு வறண்டு அவன் ஐஸ் துண்டைச் சப்புவான். இவள் வெறும் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஹைருன்னிஸாவைப் பார்க்கப் போன நான் அதைக் கண்ணால் கண்டேன். உம்மா அகப்பையும் கையுமாக நடுவில் நின்றார். "மகனுக்குத் தண்ணி குடுக்கேலா, மகளுக்குச் சோறு குடுக்கேலா. நான் என்னத்துக்குகா அடுப்பு மூட்டுற?"

அதே இடம்

அறுபத்தொன்பதுக்கு வந்த காலையில் அறையே கைதட்டியது. புவனேஸ் விசிலடித்தாள். டாக்டரும் நாள் குறித்தார். குறித்த நாளுக்கு முன் ரிஸ்வானுக்குக் காய்ச்சல் வந்து ஏதோ தொற்று என்றார்கள். நாள் தள்ளிப்போனது. எவ்வளவுக்கு என்று யாருக்கும் தெரியாது.

நிறையைக் குறைப்பது கஷ்டம், ஆனால் அதில் ஒரு திருவிழா இருக்கிறது. முள்ளு இறங்கும், ஊர் பேசும், உடுப்பு தொளதொளக்கும். இறங்கிய இடத்திலேயே நிற்பதில் அது ஒன்றும் இல்லை. நடுவில் நோன்பும் வந்தது. நோன்பு திறக்கிற கஞ்சி, சமோசா, கடற்பாசி, அதன் பிறகு சோறு. பகலெல்லாம் பட்டினி கிடந்து நிறை கூடுகிற மாதம் அது என்பது நமக்குத் தெரியும். ஹைருன்னிஸா நோன்பு பிடித்துக்கொண்டே படியேறி வந்தாள், ஏறினாள், இறங்கினாள், புவனேசிடம் சொன்னாள். கைதட்ட ஒருவரும் இல்லை. பெருநாளுக்குக் கிட்டிய ஒரு காலை, இறங்கியவள் தராசுக்குப் பக்கத்திலேயே தரையில் அமர்ந்துவிட்டாள். "இண்டைக்கும் அதேதான் மிஸ். 'அதேதான்' எண்டு செல்றதுக்கு மனிசர் இவ்வளவு பாடு படணுமா?"

கீழே இறங்கிய தராசு

ரிஸ்வானின் தொற்று மாறி, பெருநாளும் கழிந்து, ஒருவழியாக ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நான் தினமும் துஆச் செய்தேன், புவனேஸ் கோயிலில் நேர்த்தி வைத்தாள், உம்மா அடுப்பை நிம்மதியாக மூட்டினார்.

சில மாதங்கள் கழித்து ஹைருன்னிஸா வந்தாள். கீழே தம்பி நிற்கிறான் என்றாள். மேலே பெண்கள் இருப்பதால் அவன் ஏறவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். புடவைக்கடையின் பின்பக்கம், துணிக்கட்டுகளுக்கு நடுவே, ரிஸ்வான் நின்றான். ஐஸ் துண்டு சப்பிய அந்த ஒட்டிய முகம் இல்லை. உப்பிய கன்னம், வயிறு. கொடுக்கிற மாத்திரைகளுக்கு அடங்காத பசி எடுக்கிறதாம். தினமும் நிறுக்கவேண்டும், கூடவிடக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரு கூட்டாளி வேண்டும் என்று வந்திருக்கிறார்கள்.

கூட்டாளி யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றினான், கைமணிக்கூட்டைக் கழற்றினான், சேட்டுப் பையிலிருந்த போனையும் திறப்புக் கொத்தையும் எடுத்துவைத்தான், கடைசியில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினான். ராத்தா குனிந்து முள்ளைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனுடைய வயிற்றில், தழும்பு இருக்கும் பக்கத்தில், உள்ளங்கையை வைத்தாள். "நல்லாத் தின்னு மனே, நான் வாணாமெண்டு செல்லல்ல. ஒள்ளுப்பம் பார்த்துத் தின்னு, உள்ள இரிக்கிறது என்ட சாமான்."

இத்தனை காலத்தில் என்னிடம் வந்து கிலோக் கணக்கில் குறைத்தவர்கள் எல்லோரும் எதையாவது திரும்ப ஏற்றிக்கொண்டார்கள், நான் உட்பட. ஒன்றை நிரந்தரமாக விட்டுவிட்டுப் போனவள் ஹைருன்னிஸா ஒருத்திதான், அதுவும் ஒரு கைப்பிடி அளவு என்பதால் என் முள்ளுத் தராசு அதைக் காட்டவேயில்லை.