அத்தான் பார்க்காத கோபுரம்

என் அக்காள் புருஷன் போகாத நாடில்லை. பார்த்த நாடு ஒன்றுகூட இல்லை. பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரங்களைச் செய்யும் கம்பெனியில் அவர் ஃபிட்டர். எந்த நாட்டுக்கு இயந்திரம் விற்றாலும், அதை நிறுவ அத்தானும் பின்னாலேயே போக வேண்டும். விமான நிலையத்திலிருந்து தொழிற்சாலை, அங்கிருந்து ஓட்டல் அறை, வேலை முடிந்ததும் மறுபடி விமான நிலையம். அங்கே ஏறக் கூப்பிடுவதற்குள் அந்த ஊர்க் கோபுரமோ பாலமோ போட்ட காந்த பொம்மை ஒன்றை வாங்கிவிடுவார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவுகிறாரோ இல்லையோ, அது ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிடும்.

விருந்தாளிகள் வந்தால் தொலைந்தார்கள். தண்ணீர் கேட்டவரைக் கதவு முன்னால் நிறுத்தி, "இந்தக் கோபுரம் இருக்கே, உச்சியில காத்து ஆளையே தள்ளும்," என்று அளந்துவிடுவார். அவர் ஏறியதெல்லாம் இயந்திரத்தின் மேல்தான். அக்கா டம்ளரைக் கழுவப் போய்விடுவாள்.

ஒருநாள் அந்த ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. புதிது வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தான் சட்டைப்பையில் அந்தக் கோபுர பொம்மை. ஒவ்வொரு கதவிலும் நாடி பார்ப்பதுபோல் அதை வைத்துப் பார்த்தார். வாரண்டியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி விற்பனையாளருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அக்காவோ கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கறுப்பு ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுவிட்டாள். அத்தான் அதிலும் வைத்தார். பொம்மை வழுக்கித் தரையில் விழுந்தது.

"இது வேணாம். இதுல ஒண்ணுமே ஒட்டாது."

"அதனாலதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதுங்க உன்னை என்ன பண்ணுச்சு?"

"உங்களுக்கு அது ஊரு. எனக்கு நீங்க இல்லாத நாளு. பாலம் வந்தப்ப பெரியவளுக்கு அம்மை. இந்தக் கோபுரம் வந்தப்ப எங்கப்பா போயிட்டாரு, தம்பி இவன்தான் தனியா ஓடியாடினான். தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன்."

விற்பனையாளர் நைசாக நழுவிவிட்டார். அத்தானைக் கேலி செய்தே வளர்ந்த எனக்கே அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் குனிந்து பொம்மையைப் பொறுக்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கறுப்பு ஃப்ரிட்ஜுக்கே பணம் கட்டப் போனார்.

மற்ற பொம்மைகள் பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கின. அத்தானும் அடங்கித்தான் போனார். பிறகு அதே கோபுரம் இருக்கும் ஊரில் மறுபடி வேலை வந்தது. கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு சேர்த்துக்கொண்டு, சொந்தச் செலவில் அக்காவையும் அழைத்துப் போனார்.

திரும்பி வந்த அன்று அக்கா கைப்பையிலிருந்து புதிதாக ஒரு கோபுர பொம்மையை எடுத்தாள்.

"இதை எங்க ஒட்டுவே? டப்பாவிலதானே?" என்றார் அத்தான்.

"ஃப்ரிட்ஜுக்குப் பக்கவாட்டுல தகரம்தான், நல்லா ஒட்டும். நீங்க பில்லு போடப் போனப்பவே ஒட்டிப் பார்த்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

போன வாரம் தண்ணீர் கேட்டு வந்தவரை அக்காதான் ஃப்ரிட்ஜுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினாள். "உச்சியில காத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது. சுத்தியும் கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க," என்றாள்.

அத்தான் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தார். "நானும் கூடப் போயிருந்தேன்," என்றார்.