சுனையின் மேல் ஓடிய தையல்

எனக்கு வாய்த்த நாத்தனார் கோரல் நபுருலா. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். முன்பல் ஒன்று இல்லை, ஆனால் ஊரிலேயே பெரிய சிரிப்பு அவளுடையதுதான். கார் ஓட்டினால் நாய்களே ஒதுங்கி நிற்கும்.

மத்தியானச் சமையல் முடிந்ததும் ஓவியக்கூடத்துக்கு வந்து, தரையில் துணியை விரித்துப் புள்ளி புள்ளியாகப் படம் வரைவாள். அவள் வரைவது ஒன்றே ஒன்று: அவள் அப்பாவின் மண்ணில், பாறை இடுக்கில் இருக்கும் சுனை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இறந்தவர் பெயரை நாங்கள் சொல்ல மாட்டோம். சுனையை வரைகிற உரிமை அவர் பிள்ளைகளுக்கு. வரைந்தது சரியா, யார் கைக்குப் போகலாம் என்று பார்க்கிற காவல், அந்த வீட்டில் பெண் கொண்டு பெண் கொடுத்த எங்கள் பக்கத்துக்கு. இப்போது அந்தக் காவல் என்னிடம் இருக்கிறது. கோரல் தலையாட்டினால் பாதிச் சம்மதம், நானும் ஆட்டினால்தான் முழுசு. இது எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மெல்போர்னிலிருந்து இமோஜென் என்று ஒருத்தி வந்தாள். உடுப்பு வடிவமைப்பவளாம். கோரலின் துணி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத வச்சு உடுப்பு பண்ணட்டுமா கோரல்?"

"ம், பண்ணு."

சொல்லிவிட்டு, இமோஜென் அடுத்து என்னிடம் வருவாள் என்று நினைத்து கோரல் டீ போடப் போய்விட்டாள். நான் என்ன சந்திரமண்டலத்திலா இருந்தேன்? கூடத்துக்கு வெளியே சாம்பலைக் கிளறி கங்காரு வாலை எடுத்துக்கொண்டிருந்தேன். இமோஜென் என்னைத் தாண்டிப் போனாள். "ஆகா, என்ன வாசனை!" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

குளிர்காலம் வந்தபோது ஒரு பார்சல் வந்தது. வடக்கே டார்வின் நகரத்தில் உடுப்புக் காட்சி நடக்கிறது, கோரல் இதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வரவேண்டும் என்று செய்தி. கூடத்தில் எல்லோரும் கூடி நிற்க, கோரல் பிரித்து உதறினாள். அது ஒரு கால்சட்டை, கோரலின் படத்தை அச்சடித்தது. முன்பக்கம் மணல்மேடு, தொடையில் ஓடை. திருப்பினாள். தூ! சுனை சரியாகப் புட்டத்தில் உட்கார்ந்திருந்தது. நடுவே தையல் ஓடி அதை இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்தத் தண்ணீர்ப் பக்கம் போனால் நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். அதன்மேல் எவளோ உட்கார்ந்து காபி குடிக்கப் போகிறாள், பஸ்ஸில் தேய்க்கப் போகிறாள். கருமம்! இதற்கா கண்ணைத் துடைத்தாய் நீ?

என் வீட்டுக்காரர் கோரலுக்கு அண்ணன். எங்கள் வழக்கப்படி தங்கையை நேருக்கு நேர் ஏச மாட்டார். என்னிடம்தான் சொன்னார்.

"இனிமே அவ அத வரையலாமா கூடாதான்னு நீதான் சொல்லணும். அது ஒன் வேல."

கோரல் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மதினி, அவ ஒங்கிட்ட வருவான்னுல்ல நெனச்சேன். யாரு பாதி வார்த்தைய வாங்கிட்டு ஊருக்குப் போவா?"

"அவ போனாளே! ஒனக்கு வாயி எதுக்குடி இருக்கு? மதினியக் கேளுன்னு சொன்னா முத்து உதுந்துருமா?"

"இருக்கற பல்லு உதுந்தாலும் உதுரும்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சுன இல்லன்னா நான் என்னத்த வரைவேன் மதினி? ரோசாப்பூவா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காவல் என்றால் காவல். "அந்தப் புட்டத்துல இருக்கறத மூடு. அதுவரைக்கும் தூரிகையத் தொடாத" என்றேன்.

டார்வினுக்குப் போனோம். கோரல் கால்சட்டையைப் போடவில்லை. பழைய பாவாடை, சட்டை, அதன்மேல் குளிருக்குப் போடுகிற எங்கள் ஊர்க் கால்பந்து அணி ஜாக்கெட், அவ்வளவுதான். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். விளக்கும் இரைச்சலுமாக ஒரே அமளி. ஒல்லிப் பெண்கள் வந்து வந்து திரும்பினார்கள். ஒவ்வொருத்தி திரும்பும்போதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் சுனை வந்தது. போட்டிருந்தவள் வடக்கே தீவுப் பக்கத்துக் கறுப்புப் பிள்ளை, எங்களைப் போல இந்த மண்ணுக்காரி. இமோஜென் கோரலின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள்.

அந்தப் பெண் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கோரல் ஜாக்கெட்டைக் கழற்றினாள். அதன் கையிரண்டையும் முன்பக்கம் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். சுனை மூடிக்கொண்டது.

"மன்னிச்சிரு ஆன்ட்டி, எனக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் அழுதேவிட்டாளாம். பிறகு கோரல் சொன்னாள்.

கூட்டம் என்ன செய்தது என்கிறீர்கள்? எழுந்து நின்று கைதட்டியது! அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். இமோஜென் மறுபடி கண்ணைத் துடைத்தாள். எங்கள் சுனைகூடக் கோடையில் வற்றும், இவள் கண் வற்றாது.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் அவளிடமிருந்து போன். கோரல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோரல், அந்த ஜாக்கெட்ட இடுப்புல கட்டுனீங்களே, அபாரம்! எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. அடுத்த உடுப்பு எல்லாத்துலயும் அப்படியே வைக்கட்டுமா?"

கோரலின் வாய் 'ம்' சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டது.

"என்னக் கேக்காத. இவளக் கேளு" என்று போனை என் கையில் திணித்தாள்.

"அந்த ஜாக்கெட்ட நீயே எடுத்துக்க தாயி" என்றேன். "கடையில வாங்குனது, அதுக்கு மண்ணும் இல்ல, மனுசனும் இல்ல. எங்க சுனையக் குடுத்துரு. அந்தக் கால்சட்ட ஒண்ணு வெளிய இருக்கக்கூடாது."

"அது வந்து... எல்லாம் கடைக்குப் போயாச்சு. கோரல்தான் அப்பவே சரின்னு சொன்னாங்களே?"

போனை வைத்தேன். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். அதற்குமேல் அவளிடம் பேச எனக்கு வாய் கூசியது.

ஆனால் கோரல் நான் சொன்னதைச் செய்துவிட்டாள். யாரைக் கேட்கவேண்டும் என்று சொல்லவும் கற்றுக்கொண்டாள். மறுநாள் கூடத்தில் நானே துணியை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். "எடுடி தூரிகைய" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பொக்கை தெரியச் சிரித்து என் தோளில் ஓர் அடி போட்டாள்.

மணல்மேடு வந்தது. ஓடை வந்தது. பாறை வந்தது. சுனைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பெயின்ட் சொட்டிக் காய்ந்தது.

"என்னடி, நாந்தான் வரையச் சொல்லிட்டனே?"

"நீ சொல்லிட்ட மதினி." தூரிகையைத் தண்ணீர் டப்பாவில் போட்டாள். "சுன எடத்துல எனக்கு அந்தத் தையல்தான் தெரியுது."