பெருங்குடல் மருமகள்

இதயத்தை ஆராய்கிறவருக்குச் சால்வை போர்த்துவார்கள், மூளையை ஆராய்கிறவரை மேடைக்கு அழைப்பார்கள்; பெருங்குடல் புற்றுநோயை ஆராய்கிறேன் என்றால் மட்டும் "ஓ..." என்று இழுத்துவிட்டு, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பார்கள். செய்கிற வேலையைச் சபையில் சொல்ல முடியாமல் விழிக்கும் சக பாவிகளே, தொண்ணூறுகளில் பெங்களூரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பெண் பார்த்த அன்று

அப்பா விவரமானவர். மாப்பிள்ளை வீட்டாரிடம் "பொண்ணு சயின்டிஸ்ட்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். காக்ஸ் டவுனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை, எதில் ஆராய்ச்சி என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், குடலின் உட்சுவரில் ஒரு சின்ன முளை எப்படிப் புற்றாகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அத்தை கடித்த கட்லெட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். அப்போதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அத்தை என் அம்மா காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. பத்திரிகையில டிகிரி மட்டும் போட்டுக்கலாம், என்ன?"

மடியில் ஒரு பெட்டி

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து, செல்கள் சாவதற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அப்படி நான் கொண்டுபோன ஒரு நாள் அல்சூரில் சாமி ஊர்வலம், ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவர் நீலசந்திராப் பக்கத்துத் தமிழர். பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, "இன்னா மீனு மேடம்?" என்றார். உள்ளதைச் சொன்னேன். உடனே சந்து பொந்தெல்லாம் புகுந்து எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நான் இறங்கும்போது சொன்னார்: "அந்த ஆளு பொழச்சிக்கினாரு இல்ல? அது போதும் மேடம். நல்லகாலம் மடியில வெச்சிக்கினீங்க. சீட்ல வெச்சிருந்தா எங்க வூட்டுக்காரி இனிமே வண்டியில ஏறமாட்டா."

காலி டப்பா

நோயாளிகளின் மலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் மலமும் வேண்டும். அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்ட பிறகு, அவர் வீட்டார் போகும் சர்ச்சில், ஆராதனை முடிந்ததும் விஷயத்தை விளக்கி, வயதானவர்களுக்கு மூடிபோட்ட சின்ன டப்பாக்களைக் கொடுத்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். டப்பாக்களைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் சமயம் அது. அடுத்த ஞாயிறு பல டப்பாக்கள் பளிச்சென்று கழுவித் திரும்பி வந்தன. மார்த்தா ஆன்ட்டியின் டப்பா மட்டும் கனத்தது. ஒருவராவது மனம் வைத்தாரே என்று ஆசையோடு திறந்தால், உள்ளே சர்க்கரைப் பாகில் புரட்டிய கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல்! ஆன்ட்டி சங்கடத்தோடு சொன்னார்: "நீ கேட்டத எப்படிம்மா குடுக்கிறது, மானம் போவுது. அதுக்காக வெறும் டப்பாவத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

திரும்பாத டப்பா

என் மாமனார் டப்பாவைத் திருப்பித் தரவே இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அசையாத மனிதர். நான் அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பாத்ரூமுக்குப் போனால் லேசில் வெளியே வருவதில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. மகன் கேட்டதற்கு "மூலம்டா" என்று முடித்துவிட்டார். மருமகளிடம் மாமனார் பேசுகிற பேச்சா இது? ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்: "மாமா, வெட்கப்பட்டே செத்துப்போகப் போறீங்களா?" மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் காலை என் கைப்பையின் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி, டப்பா இருந்தது.

அதில் ரத்தம் இருந்தது. குடலில் கட்டியும் இருந்தது, நல்லவேளை, பரவியிருக்கவில்லை. அறுவை முடிந்து கண் திறந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேருடைய கட்டிகளைக் கலங்காமல் வெட்டிப் பார்த்தவள், அன்று வார்டில் தேம்பி அழுதேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "பூமிக்குள்ள எறங்கறப்போகூட நான் பயந்ததில்லம்மா. உங்கிட்ட அந்த டப்பாவக் குடுக்கத்தான் பயந்தேன்."

மாமா நன்றாகத் தேறிவிட்டார். இப்போதெல்லாம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரையாவது குடல் கதையை ஆரம்பிக்காதீர்கள் என்று அவரிடம் கெஞ்சுகிறவள் நான்தான்.