இடப்பக்கப் பலகை

கோர்வைச் சேலை நெய்கிற தொழிலில், ஒருத்தர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் மனசு வைக்காமல் ஒரு விரற்கடைகூட நகராது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர் மிதித்து, உடல் நிற நூல் கோத்த நாடாவைக் குறுக்கே விடுவார். வலது கரையையும் அவரே பார்த்துக்கொள்வார். இடப்பக்கம் பலகையில் இருப்பவர், அவர் குரல் கொடுத்ததும் இடது கரை நாடாவை விட வேண்டும். இரண்டு நிற நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதுதான் கோர்வை. ஒருத்தர் முந்தினாலும் ஓட்டை, பிந்தினாலும் ஓட்டை.

ஆரணியில் நானும் என் மனைவி ராகேலும் கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரே தறியில்தான். நான் குழியில், அவள் பலகையில். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய விஷயம் எழுத வராது. பெண்டாட்டியோடு ஒரே தறியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் படும் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்கள் உங்கள் வீட்டு அடுப்படியை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பந்தியில் கேட்ட சொல்

எங்கள் கல்யாணத்துக்குப் பிரசங்கம் செய்ய வந்த சபை ஐயர், அதாவது பாதிரியார், வெளியூர்க்காரர். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ராகேல் தலை குனிந்து நின்றாள். நான் நிமிர்ந்து நின்றேன். அந்தப் பிரசங்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தச் சந்தோஷம் பந்தி வரைக்கும்தான். ராகேலின் ஊர் தேவிகாபுரம். அவள் அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, அந்த வீட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவள் அவள்தான். பலகையில் உட்கார்ந்து கரை போட்டவன் அவள் தம்பி தேவதாஸ். அவன் என் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே, என் சிநேகிதர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "மாமா, எங்க அக்காவுக்கு இடப்பக்கம் உக்காந்து பழக்கமில்ல. பாத்து நடந்துக்கோங்க."

பேசாமல் நெய்த முழம்

நாங்கள் முதன்முதலாகத் தறி ஏறிய காலையில், ராகேல் ஒன்றும் கேட்காமல் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. குழி ஆம்பளைக்கு என்று நினைத்தேனா என்றால், நினைக்கக்கூட இல்லை. இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னைக் கேட்காமல் தேவதாஸை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். நான் பேச்சை நிறுத்தினேன். தறியில் நான் "ம்" என்றால்தான் அவள் நாடாவை விடுவாள். அந்த "ம்"மையும் நிறுத்திவிட்டேன். அவள் என் முட்டி அசைவதைப் பார்த்து, குத்துமதிப்பாக விட்டுக்கொண்டிருந்தாள். சேலை முடிந்து பட்டுக்கடைக்குக் கொண்டுபோனேன். எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி, சேலையைக் கையில் வாங்கியதும் கடை வாசல் வெளிச்சத்தில்தான் தூக்கிப் பிடிப்பார். கரையோரம் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் ஒரே வரிசையாகத் தெரிந்தன. அவர் சேலையை மடித்துக்கொண்டே கேட்டார். "இன்னாய்யா, இந்த ஒரு முழத்துக்கு உங்க வூட்ல பேச்சுவார்த்தை இல்ல போலக்கீதே?"

ஐயர் மாற்றிச் சொன்னது

இப்போது எங்கள் சபையில் இருக்கிற ஐயர் சின்ன வயசுக்காரர். சபையாரை வீடு வீடாகப் பார்க்க வந்தவர், எங்கள் தறி அருகே நின்று வெகுநேரம் பார்த்தார். எங்கள் கல்யாணத்தில் என்ன வசனம் வாசித்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். "அதுக்கு மேல இருக்கிற வரியையும் வாசிச்சாங்களா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ராகேலை வாசிக்கச் சொன்னார். முதலில் எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் அடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான், மனைவியின் பேச்சே வருகிறது. அதற்கும் கீழே புருஷனுக்கு வருவது இன்னும் கஷ்டம். மனைவிக்காகத் தன்னையே கொடுக்க வேண்டுமாம். மேல் வரியையும் கீழ் வரியையும் தாண்டிப்போன அந்த வெளியூர் ஐயர்மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு வருத்தம்.

சின்ன ஐயர்மேலும் வருத்தம் வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எங்கள் தறியை உதாரணம் காட்டினார். காட்டியவர் ஆளை மாற்றிவிட்டார். அம்மா குழியிலே உட்கார்ந்து மிதிக்கிறார்களாம், ஐயா பலகையிலே காத்திருந்து கரை போடுகிறாராம். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் அதற்கப்புறம் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ராகேல் சொன்னாள். "உடுங்க. யாரு எங்க உக்காந்து இருந்தாங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

முட்டி

போன மழைக்காலத்தில் என் வலது முட்டி வீங்கிக்கொண்டது. இனிமேல் மிதி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறியில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. முதலாளி நல்லவர்தான், பழம்கூட வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் தறி அவருடையது. முகூர்த்தத்துக்குள் சேலை வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆளை உட்கார வைக்க வேண்டும் என்றார். உட்காருகிற ஆளுக்குத்தான் அடுத்த சேலைக்கான பாவு நூலும் போகும், தறியும் அவன் வீட்டுக்குப் போகும்.

அவர் போனதும் ராகேல், "நான் குழியில உக்காறேன். நீங்க கரை போடுங்க" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. காலையில் பார்த்தால், பலகைமேல் பழைய கம்பளியை மடித்துப் போட்டிருந்தாள். என் கால் நீட்ட எதிரே ஒரு முக்காலி. அவள் குழிக்குள் இறங்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தறி நெய்யத் தெரியும், நேரமும் ஓடுகிறது, இறங்கி உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? நின்றாள். எங்கள் முதல் காலை ஞாபகம் வந்தது. அன்றைக்கு இந்தப் பலகைக்கு யாரும் கம்பளி போடவில்லை.

நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் இறங்கி முதல் மிதி மிதித்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஜன்னலில் பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரன் குமாரின் தலை தெரிய வேண்டுமா? "இன்னா அண்ணே, வண்டிக்கு டிரைவர் மாறிட்டாரா?"

அவள் சொன்ன "ம்"

பலகையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது என்ன வேலை என்று. நம் கை நம்முடையது இல்லை. அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ராகேல் "ம்" என்பாள், நான் பிந்துவேன். அவள் நெய்ததைப் பிரித்து, நூலை நேராக்கி, காத்திருப்பாள். இத்தனை வருஷம் அவள் பிந்தியபோது நான் நாக்கைச் சப்புக்கொட்டிய சத்தம் எனக்கே காதில் கேட்டது. அவள் ஒரு தடவைகூடச் சப்புக்கொட்டவில்லை. பூ மாறுகிற இடத்தில், "இங்க ஜரிகை சரியா விழுதாங்க?" என்று என்னையே கேட்டாள். நான் சரி என்ற பிறகுதான் மேலே போனாள்.

வெட்கம் தாங்காமல், "நீ ஜல்தியா போய்க்கினே இரு, நான் எப்படியாவது புடிச்சிக்கிறேன்" என்றேன். அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "நான் மட்டும் போய்ச் சேர்ந்து இன்னா பண்றது? நீங்க வாங்க."

கடை வாசல் வெளிச்சம்

முகூர்த்தத்துக்கு முன்னாலேயே சேலை முடிந்தது. முதலாளி வழக்கம்போல் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு ஊசிக்குத்து இல்லை. ஆனாலும் துணியைத் தடவிப் பார்த்து, "நூல இறுக்குற அடி வேற மாதிரி கீதே. யாரு நெய்ஞ்சது?" என்றார். பெண் வீட்டார் பாய் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். குமாரும் அங்கேதான் நின்றான். "நாங்கதான்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கம்பளி ஞாபகம் வந்துவிட்டது. "ராகேல் நெய்ஞ்சா. நான் கரை போட்டேன்" என்றேன். முதலாளி சேலையை மடித்துப் பெண்ணின் அம்மா மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அடுத்த பாவு அந்தம்மாவுக்குத்தான். நீங்க இடப்பக்கத்த உட்றாதீங்க."

தறி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, ஸ்தோத்திரம். முட்டி பார்க்க வந்த தேவதாஸ், நான் கரை போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். குத்திப் பேசப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "இத சொல்லத்தான் மாமா அன்னிக்கு பாயசம் ஊத்தனேன். நீங்க இலைய அப்படியே உட்டுட்டு எழுந்து போயிட்டீங்க."

ஆளை மாற்றிச் சொன்ன சின்ன ஐயர் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என்று அவரை மன்னித்து முன் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டேன். தேவதாஸ்மேல் உள்ள கோபத்தை விடுவதா வேண்டாமா என்பதற்கு மட்டும், ராகேல் "ம்" சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.