நான் திறந்த கண்கள்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு வயது நாற்பத்தைந்து. மவுஸை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. ஆனாலும் விடவில்லை. செத்துப்போன தாத்தாவைப் பேரனின் கல்யாணப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தும் அளவுக்குப் போட்டோஷாப் படித்துவிட்டேன். தலைக்கனமும் கூடவே வந்தது.

உயிரோடு இருக்கையில் படம் எடுக்காதவர்களை, இறந்தபின் படம் பிடித்து அதை எங்களிடம் கொண்டுவருவார்கள். நாங்கள் கண்ணைத் திறந்துவைத்துக் கொடுப்போம். அதற்கென்றே பலருடைய கண்களை வெட்டி ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன்.

ஒருநாள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் வந்து போனை நீட்டினார். அவர் தங்கையின் குழந்தை. பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டது. இருந்தது அந்த ஒரே படம்தான்.

"மச்சான் துபாய்ல கெடக்காரு அண்ணாச்சி. லீவு கெடைக்கல, புள்ள மொகத்தப் பாக்கல. கண்ணு முழிச்சிருக்க மாதிரி செஞ்சு தாங்க."

"அதுக்கென்ன, இங்கன உக்காருங்க" என்றேன்.

பிறந்தநாள் படம் எடுக்க வந்த ஒரு குழந்தையின் கண்களை எடுத்துப் பொருத்தினேன். அச்சு அசலாக அமைந்தது. மேலே ஒட்டிய கண், அடியில் இருந்த முகம் என்று தனித்தனியாக இருந்த லேயர்களை ஒன்றாக்கி, பழைய படம் இருந்த அதே ஃபைலின் மேலேயே சேவ் செய்தேன். புதுப் படத்தைப் போனில் ஏற்றியதும் அவர், "பழசு கெடந்தா தங்கச்சி பாத்துப் பாத்து அழுவா" என்று அதை அழித்தார். "அதுவும் சரிதான்" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பத்து நாள் கழித்து அந்தத் தங்கையே வந்தாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு.

"எம் புள்ள ஒரு தடவகூட கண்ணு தொறக்கல அண்ணாச்சி. மூணு நாளும் நாந்தான பாத்துக்கிட்டு இருந்தேன்? இது யாரு புள்ளயோ. அந்தப் பழைய படத்தத் தாங்க."

ஃபைலைத் திறந்து, செய்த மாற்றத்தை நீக்கும் கண்ட்ரோல் இசட் அடித்தேன். சேவ் செய்து மூடிவிட்ட ஃபைலில் அது வேலை செய்யாது என்று தெரிந்தும் அடித்தேன்.

"கண்ண மூடுன மாதிரி வரஞ்சு தாரேம்மா."

"அது நீங்க வரஞ்சதுல்லா?" என்றாள். சண்டை போடவில்லை. பைய எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஒரிஜினலைத் தொடாதே, காப்பியில் வேலை செய் என்று இப்போது எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். நல்லது. அதற்கும் முன்னால் பெற்றவளை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால், கண்மூடிக் கிடந்த அவள் பிள்ளை அவளிடமே இருந்திருக்கும்.