கொட்டாவியாரும் பிஞ்சுக் கழுத்தும்

அவர் வேலையில் இருந்தவரை மருத்துவமனையில் எல்லோரும் அவரைக் கொட்டாவியார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

கைக்குழந்தைகளின் கழுத்தில் தைராய்டு சுரப்பியை ஸ்கேன் எடுப்பது அவர் வேலை. சுண்டுவிரல் நுனி அளவு சமாசாரம். குழந்தை தலையை ஆட்டினால் படம் போச்சு. அதைத் தூங்க வைக்க முதலில் பாடிப் பார்த்தார். தூங்கிய குழந்தையும் எழுந்து அலறியது. பிறகு கண்டுபிடித்ததுதான் கொட்டாவி. குழந்தையைப் பார்த்து அல்ல, தாயைப் பார்த்து. தாய் தளர்ந்தால் மடியில் கிடப்பதும் தளரும் என்பது அவர் கணக்கு.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்களை எல்லாம் தூங்க வைக்கிறீங்க, நம்ம வீட்டு ஆந்தைங்க ரெண்டும் முழிச்சுக்கிட்டே கிடக்கு" என்பாள் மனைவி.

ஒரு நாள் காலை ஓர் இளம் தம்பதி பெண் குழந்தையோடு வந்தார்கள். பிறந்ததும் குதிகாலில் எடுத்த ரத்தத்தில் தைராய்டு சுரப்பு லேசாகக் குறைவு என்று தெரிந்து, மாத்திரை தொடங்கியாகிவிட்டது. சுரப்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. இருந்தால், மூன்று வயதில் மருந்தை நிறுத்திப் பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை.

குழந்தை கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது.

"பால் குடுத்தீங்களாம்மா?"

"இல்லண்ணா. வெறும் வயித்தோட வரணும்னு இவருதான் சொன்னாரு."

"எனக்கு ஸ்கேன் எடுத்தப்ப அப்படித்தானே சொன்னாங்க?" என்றான் கணவன்.

"அது உங்க தொப்பை தம்பி, இது கழுத்து. பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட்டுட்டீங்களே!"

"விடிஞ்சதுலேருந்து தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா?" என்று அவள் கணவனை முறைத்தாள்.

கொட்டாவியார் மறைப்புத் திரைச்சீலையை இழுத்து விட்டார். பால் குடித்து முடிந்ததும் விளக்கைத் தணித்து, எதிரே உட்கார்ந்து, தாடை விலகப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். குழந்தையின் கண் செருகியது. நாற்காலியில் இருந்த கணவனும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப் போனான். தாய்க்கு மட்டும் இமை மூடவில்லை.

தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்தை நிமிர்த்தி, உள்ளங்கையில் சூடாக்கிய ஸ்கேன் ஜெல்லைத் தடவி, கருவியை இறகு போல நகர்த்தினார். அவள் ஸ்கேன் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கல்லாக வைத்திருக்க அவர் பழகியிருந்தார்.

"அண்ணா, இருக்கா?"

"நான் படம் பிடிக்கிறவன்மா. டாக்டரம்மாதான் சொல்லணும்."

வழக்கமாக மதியம்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அன்று அவரே போன் செய்து டாக்டரைக் கையோடு வரச் சொன்னார்.

டாக்டர் தானும் ஒரு முறை கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, திரையில் மூச்சுக்குழாயின் இருபக்கமும் தெரிந்த வெளிர் சாம்பல் திட்டுகளைத் தொட்டுக் காட்டினார்.

"இருக்கவேண்டிய இடத்துலயே இருக்கு. கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். மாத்திரையை விட்டுடாதீங்க. மூணு வயசுல நிறுத்திப் பார்ப்போம். திரும்பத் தேவைப்பட்டாலும் படலாம்."

"அது போதும் டாக்டர்" என்றாள் அவள். பிறகு கணவனின் காலை ஒரு உதை உதைத்தாள். "எழுந்திரிங்க, இருக்காம்!"

அவன் திடுக்கிட்டு விழித்து, "யாரு?" என்றான்.

கொட்டாவியார் தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அழட்டுமே, படமெல்லாம் எடுத்தாகிவிட்டது.